“நம்மாளுக்குக் குடிக்கத் தெரியல” என்று சொல்பவர்களுக்கு

இது நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் ‘லைக்’ மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம். அதற்குப் போடாமலே போகலாம்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது லண்டனில் இருக்கிறான். நல்ல பிள்ளை. போன வாரம் அங்கே ஒரு சுற்றுலா நடைக்குப் போய்ப் படங்கள் போட்டிருந்தான். வழிகாட்டி ஒருவர் முன்னால் நடக்க, பத்துப் பதினைந்து பேர் பின்னால் போகிறார்கள். கோயிலுக்கோ அரண்மனைக்கோ இல்லை. நகரத்தின் பழைய மதுக்கடைகளுக்கு. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று வரலாறு சொல்கிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்து ஒரு குவளை குடிக்கிறார்கள். பிறகு அடுத்த கடை. கட்டணம் நம் பணத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் ஆயிற்றாம், குடிப்பது தனிக் கணக்கு.

எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. அவன் சம்பாதிக்கிறான், பார்க்கிறான். கோபம் வந்தது கீழே இருந்த பின்னூட்டங்களைப் படித்தபோது. “அங்கே பாருங்க சார், எவ்வளவு டீசன்ட்!” என்கிறார் ஒருவர். “குடியையும் கலாச்சாரமா வெச்சிருக்காங்க” என்று இன்னொருவர். மூன்றாமவர் எழுதியிருந்த வரிதான் என்னை ராத்திரி தூங்கவிடவில்லை: “நம்மாளுக்குக் குடிக்கத் தெரியல, அதான் பிரச்சினை.” அதற்கு 140 பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். அதில் என்னிடம் படித்தவர்கள் நான்கு பேர். ஒருவர் ஆசிரியர்.

பதில் எழுதினேன், அழித்தேன். பின்னூட்டத்தில் சண்டை போடும் வயது போய்விட்டது. அதனால் என் சுவரிலேயே எழுதுகிறேன்.

முதலில் லண்டனைப் பார்ப்போம். பையன் படம் போட்ட கடைகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ஃப்ளீட் தெருவில் ‘செஷயர் சீஸ்’ என்று ஒரு கடை. 1666-இல் லண்டன் தீப்பிடித்து எரிந்ததல்லவா, அதற்கு மறு ஆண்டு திரும்பக் கட்டியது. அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் வாழ்ந்த வீடு அதன் பின்னாலேயே இருக்கிறது. தேம்ஸ் ஆற்றுக்குத் தென்கரையில் சௌத்வார்க்கில் ‘ஜார்ஜ் இன்’. 1677-இல் கட்டியது. குதிரை வண்டிகள் வந்து நிற்கும் முற்றமும் மாடித் தாழ்வாரமும் உள்ள பழைய சத்திரங்களில் லண்டனில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். இன்று அது நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் சொத்து. ஒரு சாராயக்கடையையும் சத்திரத்தையும் 350 ஆண்டு இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். நாம் 100 ஆண்டுப் பள்ளிக் கட்டடத்தை இடித்துவிட்டுத் தகரக் கொட்டகை போடுகிறவர்கள். இந்த விஷயத்தில் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ‘டீசன்ட்’ என்றீர்களே, அது பிறவியிலேயே வந்ததா?

அதே லண்டனில் 1751-இல் ஹோகார்த் என்ற ஓவியர் இரண்டு படங்கள் வரைந்தார். ஒன்றின் பெயர் ‘ஜின் சந்து’. குடிபோதையில் படிக்கட்டில் சாய்ந்திருக்கிறாள் ஒரு தாய். அவள் மடியிலிருந்து குழந்தை தலைகீழாக விழுகிறது. அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் தச்சன் ரம்பத்தை அடகு வைக்கிறான், ஒரு பெண் சமையல் பாத்திரத்தை அடகு வைக்கிறாள். அவர் வரைந்த செயின்ட் ஜைல்ஸ் பகுதி, இன்று சுற்றுலாக்காரர்கள் கூடும் கோவென்ட் கார்டனிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். இரண்டாவது படம் ‘பீர் தெரு’. அதில் எல்லோரும் கொழுகொழுவென்று, சிரித்துக்கொண்டு, கையில் பீர் குவளையோடு இருக்கிறார்கள். பார்த்தீர்களா? 270 ஆண்டுக்கு முன்னாலேயே அந்த ஊரில் “ஏழை குடித்தால் நாசம், மற்றவன் குடித்தால் நாகரிகம்” என்று இரண்டு படம் போட்டுவிட்டார்கள். நம் பின்னூட்டக்காரர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

நாகரிகம் பற்றி இன்னொன்று. அதே ஃப்ளீட் தெருவில் ‘எல் வினோ’ என்ற கடையில், பெண்கள் கவுண்டரில் நின்று வாங்க முடியாது, பின்னறையில் போய் உட்கார வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் வழக்குப் போட்டு, மேல்முறையீட்டில் ஜெயித்தது 1982-இல். நம் நாட்டில் ஒரு பெண் பிரதமராக இருந்த காலம் அது.

சரி, ஜின் சந்திலிருந்து இன்றைய லண்டனுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள்? வெள்ளைக்காரனுக்குத் திடீரென்று குடிக்கத் தெரிந்துவிட்டதா? இல்லை. ஜின்னுக்குச் சட்டம் போட்டார்கள், வரி போட்டார்கள், கண்ட இடத்தில் விற்பதைத் தடுத்தார்கள். முதல் உலகப் போரில் கடை நேரத்தைக் குறைத்தார்கள். மத்தியான நேரத்தில் கடையை மூட வேண்டும் என்ற அந்தப் போர்க்கால விதி இங்கிலாந்தில் 1988 வரை இருந்தது. கூலி உயர்ந்தது, வீடு கிடைத்தது, பள்ளிக்கூடம் வந்தது. இத்தனையும் சேர்ந்துதான் உங்கள் ‘டீசன்ட்’.

இதில் நான் படித்து வியந்த கதை ஒன்று உண்டு. லண்டன் நடையில் இது வராது, ஊர் வேறு. இங்கிலாந்தின் வடகோடியில் கார்லைல் என்று ஓர் ஊர். போர்க்காலத்தில் பக்கத்தில் கிரெட்னாவில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. கையில் கூலியோடு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். சாயங்காலம் ஆனால் ஊரே தள்ளாடியது. 1916-இல் அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? அந்த வட்டாரத்து மதுக்கடைகளையும் மது ஆலைகளையும் தானே எடுத்துக்கொண்டது. ஆம், அரசே மதுக்கடை நடத்தியது. 1973 வரை, 57 ஆண்டுகள்.

“அப்போ நம்ம டாஸ்மாக் மாதிரிதானே சார்?” என்பீர்கள். அங்கேதான் வித்தியாசம். அவர்கள் எடுத்துக்கொண்டது குறைவாக விற்பதற்காக. தேவைக்கு மேல் இருந்த கடைகளை மூடினார்கள். விளம்பரப் பலகைகளைக் கழற்றினார்கள். ஒருவர் மற்றவருக்கு வாங்கி ஊற்றுவதைத் தடை செய்தார்கள். ஹாரி ரெட்ஃபெர்ன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து, வெளிச்சமும் காற்றும் வருகிற மாதிரி, மேசை நாற்காலி போட்டு, சாப்பாடு கிடைக்கிற மாதிரி புதுக் கடைகள் கட்டினார்கள். மேலாளருக்குச் சம்பளம். மது எவ்வளவு விற்றாலும் அவருக்கு ஒரு பைசா கூடுதல் கிடையாது. சாப்பாடு விற்றால் மட்டும் கமிஷன்! இன்று அந்த ரெட்ஃபெர்ன் கடைகளையும் பாரம்பரியம் என்று போய்ப் பார்க்கிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள்.

நான் உத்திரமேரூர் பக்கம் 37 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியராக இருந்தவன். இந்தப் பக்கத்துக் கடை ஒன்றை, ஊர் பெயர் வேண்டாம், உங்களுக்குக் காட்டுகிறேன். நெல் வயலுக்கு நடுவே ஒரு கான்கிரீட் பெட்டி. சன்னல் இல்லை. கம்பி வலை. அதில் கை நுழைகிற அளவு ஓட்டை. பகல் 12 மணிக்குத் திறக்கும். பணத்தை உள்ளே நீட்ட வேண்டும், பாட்டில் வெளியே வரும். என்ன வேண்டும் என்று கேட்டது கிடைக்காது, இருப்பது கிடைக்கும். உட்கார இடம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. வாங்கியவன் வரப்பில் உட்காருவான், அல்லது ஏரிக்கரையில், அல்லது சனி ஞாயிறில் எங்கள் பள்ளித் திண்ணையில். வெறும் வயிற்றில், தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவான். ஏன் அவ்வளவு அவசரம்? யாராவது பார்த்துவிடுவார்கள். குடித்த பாட்டில் வயலில் போகும். நடவுக்கு இறங்குகிற பெண்ணின் பாதத்தில் ஏறும். தையல் போட்ட கால்களை நான் எண்ணியிருக்கிறேன், என் சொந்த அண்ணியின் கால் உட்பட.

அந்த ஓட்டைக்கு முன்னால் நிற்பவனைப் பார்த்து “உனக்குக் குடிக்கத் தெரியல” என்கிறீர்களே, அந்த ஓட்டையை வடிவமைத்தது யார்? அவனா?

வரலாறு கேட்க ஆசைப்பட்டு இரண்டாயிரம் கொடுக்கிறீர்கள். இதோ இலவசமாக. வெள்ளைக்காரன் காலத்தில் ஆப்காரி என்று பெயர். கள், சாராயம் விற்கும் உரிமையை ஏலம் விட்டுக் காசு பார்த்தார்கள். 1886-இல் மெட்ராஸ் ஆப்காரி சட்டம். 1937-இல் ராஜாஜி முதலமைச்சர் ஆனதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. வருமானம் போயிற்றே, என்ன செய்வது? 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். 1948-இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-இல் கலைஞர் அதை நிறுத்திவைத்துக் கடைகளைத் திறந்தார், 1974-இல் மூடினார். 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-இல் டாஸ்மாக் நிறுவனம், மொத்த வியாபாரத்துக்கு. 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கு வந்தன. எந்தக் கட்சியையும் தப்பவிடவில்லை நான், கவனியுங்கள். பின்னூட்டத்தில் கட்சிச் சண்டை போட வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. மதுவுக்கு மாற்றாக வந்த விற்பனை வரி, பெயர் மாறி இன்றும் நம்மிடம் இருக்கிறது. அது எதற்கு மாற்றாக வந்ததோ அந்த மதுவிலக்கு போய்விட்டது. இரண்டு பக்கமும் கட்டுவது நாம்தான். 2024-25-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். கடைகள் ஐயாயிரத்திற்குச் சற்றுக் குறைவு. அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது, பஸ் ஓடுகிறது என்பார்கள். மறுக்கவில்லை. என் ஓய்வூதியத்திலும் அந்தப் பணம் இருக்கிறது. மாதம் பிறந்தால் வங்கியில் அதை எடுக்கிறவன்தான் இதை எழுதுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மதுவிலக்குக் காலத்திலும் மருத்துவச் சான்று காட்டி ‘பர்மிட்’ வாங்கியவர்கள் குடித்தார்கள். பர்மிட் வாங்கியவர் யார், வாங்க முடியாதவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் மனமகிழ் மன்றங்களுக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3 என்று உரிமங்கள். அங்கே ஏசி, சோபா, வறுத்த முந்திரி, மெல்லிய பாட்டு. கம்பி வலை இல்லை. ஆக, நம் அரசுக்கு ‘டீசன்ட்’ ஆன இடம் அமைக்கத் தெரியாமல் இல்லை. யாருக்கு அமைப்பது என்பது தெரிந்திருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தவருக்குக் குடிக்கத் தெரிந்திருக்கிறது, வரப்பில் உட்கார்ந்தவனுக்குத் தெரியவில்லை!

நான் உங்களுக்கு ஒரு நடை காட்டுகிறேன், வாருங்கள். லண்டன் வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேர பஸ்.

உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் குடவோலை தெரியும். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. 919, 921 என்று இரண்டு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து கார்கள் கொஞ்சம் அதிகம் வருகின்றன. இறங்குவார்கள், சுவரைக் கையால் தடவுவார்கள் (தடவாதீர்கள்!), செல்ஃபி, கிளம்பிவிடுவார்கள். கால் மணி நேரம். யாரும் படிப்பதில்லை. நான் ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துப் போய் வரி வரியாக விளக்கியிருக்கிறேன்.

ஊரை 30 குடும்பாகப் பிரித்திருந்தார்கள். வாரியத்துக்கு நிற்பவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். யார் நிற்கக் கூடாது என்பதுதான் சுவையான பகுதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் உறவினரும் கூடாது. அப்பாவுக்குத் தம்பி, அம்மாவுக்குத் தம்பி, மாமனார், மைத்துனன், மருமகன் என்று பட்டியல் நீளும். பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அடுத்து, ஐந்து மகாபாதகங்களில் முதல் நான்கில் ஒன்றைச் செய்தவன் கூடாது. அந்த நான்கில் மது அருந்துவதும் ஒன்று. குடித்தவன் ஏரி வாரியத்தில் உட்கார முடியாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் இந்த ஊர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

உடனே “ஆஹா, நம் முன்னோர்!” என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர், சதுர்வேதிமங்கலம். நிலமும் வேதமும் இல்லாதவனுக்கும், பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. பிரமதேயம் கொடுத்த சோழர் செப்பேடுகள் சிலவற்றில் அந்த ஊரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். ஈழவர் என்றால் கள் இறக்குபவர். வெளியே ஏறலாம். ஏறினால் வரி உண்டு, ஈழப்பூட்சி என்று பெயர். குடிப்பது பாதகம், குடியில் வரும் வரி பாதகம் இல்லை! ராஜா காலத்திலிருந்தே இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, தம்பிகளே.

குடத்தில் போட்ட ஓலை எந்த மரத்து ஓலை? பனை. கள் எந்த மரத்தில்? அதே பனை. நம் மாநில மரம். மண்டபத்திலிருந்து ஏரிக்கரைப் பக்கம் நடந்தால் இன்னும் கொஞ்சம் பனை நிற்கிறது. கள் இறக்கியவர்களின் பிள்ளைகள் என்னிடம் படித்தார்கள். அவர்கள் வீட்டில் பாளை சீவும் கத்தி இன்னும் இருக்கும், சீவினால் வழக்கு. ஆலையில் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்தால் அரசுக் கடை, மரத்தில் இறக்கினால் குற்றம். இது என்ன நியாயம் என்று கேட்கிறவர்களோடு நானும் சேர்ந்து கேட்பேன். ஆனால் “கள் மதுவே அல்ல, அது உணவு” என்று மேடையில் பேசுவதை மட்டும் ஒப்ப மாட்டேன். ஔவைக்கு அதியமான் கள் கொடுத்தான் என்று புறநானூற்றைக் காட்டுவீர்கள். வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஒரு முழு அதிகாரம் வைத்திருக்கிறார், அதையும் காட்டுங்கள்.

நடை இன்னும் முடியவில்லை. அடுத்த நிறுத்தம் ஒரு வகுப்பறை.

பின்னம் நடத்துகிறேன். மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் ஒன்றின் கீழ் நான்கு எழுதி, “இது என்ன?” என்றேன். “கால்” என்று சொல்ல வேண்டும். முன் வரிசையில் ஒரு பையன் எழுந்து, “குவார்ட்டர் சார். நூத்தியெண்பது மில்லி” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், இன்றுவரை வருந்துகிறேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது நகைச்சுவை இல்லை, பாடம். சனிக்கிழமை காலி பாட்டில் பொறுக்கி விற்றுத்தான் நோட்டு வாங்குவான். கால், அரை, முழு எல்லாம் அவனுக்கு அளவோடு தெரியும். (கணக்கும் தப்பு. 750-இல் கால் 187.5. அந்த ஏழரையும் எங்கே போகிறது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.) கால் வேலி நிலம் இருந்தால்தான் தகுதி என்று கல்லில் வெட்டிய ஊரில், ‘கால்’ என்ற சொல்லுக்குப் பிள்ளை தெரிந்துவைத்திருந்த பொருள் இது.

அவன் அப்பா கொத்து வேலைக்காரர். நல்ல வேலைக்காரர் என்று ஊரே சொல்லும். 42 வயதில் போய்விட்டார். கல்லீரல். சாவு வீட்டில் அவர் மனைவி என்னைப் பார்த்து, “சார், உங்க பேச்சுக்குத்தான் ரெண்டு மாசம் நிறுத்தினாரு. அப்புறம் கடையை ரோட்லேர்ந்து எடுத்து நம்ம தெரு முனைக்கே கொண்டாந்துட்டாங்க. நான் எங்க சார் போயி நிறுத்தறது?” என்றார்.

அந்தக் கடை எப்படித் தெரு முனைக்கு வந்தது? நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. சாலை விபத்தைக் குறைக்க. நல்ல தீர்ப்புதான். 2017 ஏப்ரலில் சாலையோரக் கடைகளை எடுத்து எங்கே வைத்தார்கள்? ஊருக்குள். மாநிலம் முழுக்கப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே, மறந்துவிட்டோமா? அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2015 ஜூலையில், கடையை மூடச் சொல்லிக் குமரி மாவட்டத்தில் செல்பேசி கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்களும் கிராம சபையில் எழுந்தார்கள். நான் உடன் இருந்தேன். தீர்மானம் எழுதினோம், கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினோம், மனு கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், நல்லவர்தான், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, “ஐயா, கடை வைக்கிறதும் எடுக்கிறதும் உங்க கிராம சபை கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல” என்றார். உத்திரமேரூர் பக்கத்துப் பெண்களுக்கு, நாடாளுமன்றத்தில் பெயர் சொல்லப்பட்ட ஊர்ப் பெண்களுக்கு, கிடைத்த பதில் இது.

“அப்போ முழு மதுவிலக்கு வேணுமா சார்? கள்ளச்சாராயம் வந்துடுமே?” இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்வி. 2023 மே மாதம் எங்களுக்கு அடுத்த மதுராந்தகத்திலும் மரக்காணத்திலும் விஷச் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேல். அது மெத்தனால். கண் போகும், பிறகு உயிர் போகும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த இரண்டு முறையும் அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன. 180 மில்லிக்குக் கொடுக்கும் காசு இல்லாதவன் பாக்கெட்டுக்குப் போனான். ஆகவே ஒரே நாளில் எல்லாக் கடையையும் மூடு என்று நான் கேட்கவில்லை. திறந்து வைத்திருப்பதாலேயே கள்ளச்சாராயம் ஒழிந்துவிட்டது என்று நீங்களும் சொல்லாதீர்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். மகாராஷ்டிராவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு ஊரில் பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர், ஆமாம், அங்கேயும் கால்தான், கையெழுத்திட்டுக் கேட்டால், மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச் சீட்டில் இரண்டு சின்னம். நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். கடை வேண்டும் என்பவர் நிற்கிற பாட்டிலுக்குக் குத்தலாம். மொத்த வாக்காளரில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குக் குத்தினால் கடை மூடப்படும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் குத்தலாம். மராட்டியில் ‘உபி பாட்லி, ஆட்வி பாட்லி’ என்று பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். விஸ்கிக்குப் பேர் போன ஸ்காட்லாந்திலேயே 1913-இல் சட்டம் போட்டு, ஊர் ஊராக வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்ற ஊர்களில் கடை மூடப்பட்டது, வேண்டும் என்ற ஊர்களில் இருந்தது. வானம் இடிந்து விழவில்லை.

அந்தப் படுத்த பாட்டில் எங்கள் ஊருக்கு ஏன் வரக் கூடாது? கடையை எடுக்க முடியாது என்றால் அந்தக் கம்பி வலையையாவது எடுங்கள். ஒரு பெஞ்சு, ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஒரு தட்டுச் சுண்டல். கார்லைலில் வெள்ளைக்காரன் 1916-இல் செய்ததை நாம் இப்போதாவது செய்யலாமே. “உட்கார இடம் கொடுத்தால் இன்னும் குடிப்பான்” என்பார்கள் என் நண்பர்கள் சிலர். காந்தியவாதிகள், மதிக்கிறேன். எனக்கும் இதில் முழுத் தெளிவு இல்லை. ஆனால் வரப்பில் கண்ணாடி குறையும், அது நிச்சயம்.

லண்டன் தம்பிக்கு நேற்று போன் செய்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. “பொங்கலுக்கு வரேன் சார், நீங்க சொல்ற வாக் நான் வரேன்” என்றான். அந்த “குடிக்கத் தெரியல” எழுதியவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

மற்றவர்களும் வரலாம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை 7 மணி, வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் முன்னால் நிற்பேன். கட்டணம் கிடையாது. கல்வெட்டைப் படித்துவிட்டு, பனை வரிசை, பழைய பள்ளிக்கூடம், பிறகு ஏரிக்கரை. எல்லோரும் நல்ல கனமான செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஏரிக்கரையில் பாட்டில் உடைந்து கிடக்கும்.